ராக்னார், பாம்புக் குழி, ரத்தக் கழுகு: கேள்வி பதில்

வைக்கிங்குகள், அதாவது ஸ்காண்டிநேவியக் கடற்கொள்ளை வீரர்கள், வாழ்ந்த கால வரலாறு எதுவானாலும் கேளுங்கள் என்றேன். பாதிப் பேர், கதைகளில் வரும் வைக்கிங் தலைவன் ராக்னார் லோத்புரோக்கின் சாவைத்தான் கேட்டிருக்கிறீர்கள். சரி, அங்கிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: வட இங்கிலாந்தின் நார்தம்பிரிய மன்னன் ஏல்லா, ராக்னாரைப் பாம்புக் குழியில் தள்ளிக் கொன்றது உண்மையா?

பதில்: ராக்னார் என்று ஒரே ஆள் இருந்தானா என்பதே சந்தேகம். 845-ல் பாரிஸைத் தாக்கிய படைக்கு ரெகின்ஹெர் என்றொரு தலைவன். பிராங்கிய மன்னர் 7,000 பவுண்டு வெள்ளி கொடுத்து அவனைத் திருப்பி அனுப்பினார். கொஞ்ச நாளில் நோய் வந்து செத்தான் என்கின்றன பிராங்கியக் குறிப்புகள். அவனைப் போன்ற சிலரின் நினைவுகள் சேர்ந்துதான் ராக்னார் ஆகியிருக்க வேண்டும்.

பாம்புக் குழியும் இந்தக் கதைக்கே உரியதல்ல. குன்னார் என்ற இன்னொரு பழங்கதை வீரனின் கதையிலும் உண்டு. அங்கே கை கட்டப்பட்டவன் கால்விரலால் யாழ் மீட்டுகிறான். தவிர, பிரிட்டனில் இயற்கையாக வாழும் விஷப்பாம்பு ஒரே ஒரு விரியன் இனம். அது கடித்துப் பெரியவர்கள் சாவது அபூர்வம்.

இந்தக் கதைகளைச் சொல்லும் ‘சாகா’க்கள் (பழைய ஐஸ்லாந்துக் கதைநூல்கள்) சம்பவம் நடந்து 300, 400 வருடம் கழித்து எழுதப்பட்டவை. மறக்காதீர்கள்.

கேள்வி: ராக்னாரின் மகன்கள் ஏல்லாவுக்கு ‘ரத்தக் கழுகு’ தண்டனை கொடுத்தார்களே, அது எப்படிச் செய்வார்கள்?

பதில்: முதுகைக் கிழித்து, விலா எலும்புகளை முதுகெலும்பிலிருந்து வெட்டி, நுரையீரலை இறக்கைபோல வெளியே இழுப்பது என்பார்கள். ஆனால் ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பு, 867-ல் யார்க் நகரைத் திரும்பப் பிடிக்கப் போன இரண்டு மன்னர்களும் அங்கே கொல்லப்பட்டார்கள் என்று மட்டும் சொல்லி முடிக்கிறது. ஏல்லா அந்த இருவரில் ஒருவன்.

கதை வளர்ந்த விதத்தைப் பாருங்கள். 11-ம் நூற்றாண்டுக் கவிஞர் சிக்வாத், ராக்னாரின் மகன் எனப்படும் ஐவார், ஏல்லாவின் முதுகில் கழுகை வெட்டினான் என்று பாடுகிறார், அவ்வளவுதான். 1200 வாக்கில் சாக்ஸோ என்ற டேனிஷ்காரர் எழுதும்போது கழுகு உருவம் செதுக்கிக் காயத்தில் உப்பு தடவுகிறார்கள். விலாவும் நுரையீரலும் அதற்கும் பின்னால் வந்தவை. காலம் தள்ளத் தள்ள விவரம் கூடினால் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: ஐயா, இது சாத்தியம்தான் என்று 2022-ல் உடற்கூறு ஆய்வு வந்ததே? நீங்கள் மறுப்பது வீம்பு.

பதில்: படித்தேன், நல்ல ஆய்வு. அந்தக் காலத்து ஆயுதங்களால் செய்ய முடியும், ஆனால் முழுச் சடங்கும் முடிவதற்குள் ஆள் செத்திருப்பான் என்கிறது. செய்ய முடியும் என்பதற்கும் செய்தார்கள் என்பதற்கும் நடுவே ஓர் எலும்புக்கூடாவது வேண்டாமா? அப்படி ஒன்றும் இன்றுவரை கிடைக்கவில்லை.

கேள்வி: எலும்பு கிடைக்கவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. ‘நடந்தது’ என்று அடித்துச் சொல்பவர்தான் சான்று காட்ட வேண்டும். போர்க்களத்துப் பிணத்தைக் கழுகு கொத்துவது சிக்வாத் பாடியது போன்ற வைக்கிங் காலக் கவிதைகளில் பக்கத்துக்குப் பக்கம் வரும் காட்சி. சிக்வாத் சொன்னதும் அதைத்தான் என்று ஆய்வாளர் ராபர்ட்டா பிராங்க் 1984-லேயே வாதிட்டார். நான் அவர் பக்கம்.

கேள்வி: சீரியலில் ரத்தக் கழுகு காட்டினார்களே?

பதில்: மேலே சொன்ன பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: அப்படியானால் நிஜமாக எப்படித்தான் மரண தண்டனை கொடுத்தார்கள்?

பதில்: இதைக் கேட்க ஒருவராவது வந்தீர்களே! தலையை வெட்டுவதற்குக் கண்ணெதிரே சான்று இருக்கிறது. 2009-ல் இங்கிலாந்தின் டார்செட்டில் சாலைப் பணிக்குத் தோண்டியபோது ஒரே குழியில் ஏறக்குறைய 50 ஆண்களின் எலும்புகள் கிடைத்தன. பெரும்பாலும் இளைஞர்கள். உடல்கள் ஒரு பக்கம், தலைகள் தனிக் குவியல். பல்லில் இருந்த ஐசோடோப்புகளை (வளர்ந்த இடத்துக்கு ஏற்ப அளவு மாறும் அணு வகைகளை) வைத்து, ஸ்காண்டிநேவியா போன்ற குளிர்ப் பகுதிகளில் வளர்ந்தவர்கள் என்றார்கள். காலம் 1000-ஐ ஒட்டியது. பலருக்கு ஒரே வெட்டில் முடியவில்லை. தாடையிலும் தோளிலும் தவறிய வெட்டுகள். அதாவது இங்கே வெட்டுப்பட்டவர்களே வைக்கிங்குகள். சாகாக்களில் இந்தத் தடுமாற்றம் எங்கே வருகிறது? அங்கே ஒவ்வொருவனும் சிரித்துக்கொண்டே சாகிறான்.

கேள்வி: மதுரையில் சமணர்களைக் கழுவேற்றியது பற்றி?

பதில்: என் துறை இல்லை. தமிழ்நாட்டு வரலாறு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ராக்னார் பாம்புக் குழியில் சிரித்துக்கொண்டே செத்தது உண்மைதானே?

பதில்: அவன் சிரித்துக்கொண்டே செத்ததாகச் சொல்லும் பாட்டு 12-ம் நூற்றாண்டு. சம்பவத்துக்கு முந்நூறு வருடம் பிந்தியது. மூன்றாவது தடவை சொல்ல வைக்காதீர்கள்.