ஸ்மைல் டிசைன் கோர்ஸுக்கு ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: நான் பல் டாக்டர். சொந்த கிளினிக் போட்டு 4 வருஷம் ஆகுது, ஒரே சேர்தான், அதுக்கு வாங்கின லோன் இன்னும் 26 மாசம் ஓடணும். முன் பல்லை அழகாக்குற ஸ்மைல் டிசைன்ல, கைல செஞ்சு பழகுற 4 நாள் ஹேண்ட்ஸ்-ஆன் கோர்ஸ் ஒண்ணு வருது, வெனீர் (பல் மேல ஒட்டற மெல்லிசான பீங்கான் ஓடு), காம்போசிட் (பல் கலர் பிசின்), டிஜிட்டல் பிளானிங் எல்லாம் சொல்லித் தராங்களாம். ஃபீஸ் என்னோட 2 மாச வருமானம். மொத்தமா கட்டினா 10 சதவீதம் தள்ளுபடி, இல்லன்னா 12 மாசத்துக்கு வட்டியில்லா இஎம்ஐ. அவசரத்துக்குன்னு 5 மாச செலவுக்கான பணம் ஃபிக்சட் டெபாசிட்ல வச்சிருக்கேன். அதை உடைச்சுக் கட்டலாமா, இஎம்ஐ போடலாமா? இந்த வாரத்துக்குள்ள பதிவு பண்ணணும்னு சொல்றாங்க.

பதில்: டாக்டர், டெபாசிட்டை உடைக்காதீங்க, இஎம்ஐயும் போடாதீங்க, இந்த வாரம் பதிவும் பண்ணாதீங்க. கோர்ஸே வேணாம்னு சொல்லல, கண்டிப்பா போகணும், ஆனா போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கு, அதைச் செய்யாம போனா ஃபீஸ் பணம் அப்படியே தண்ணில போட்ட மாதிரி ஆயிடும்.

முதல்ல அந்த வட்டியில்லா இஎம்ஐ. மொத்தமா கட்டினா 90, இஎம்ஐல கட்டினா 100ன்னா அந்த 10தான் வட்டி, வேற பேர்ல இருக்கு அவ்ளோதான். 90 ரூபா கடனை மாசம் 8.33னு 12 மாசம் கட்டினா வருஷத்துக்கு சுமார் 20 சதவீத வட்டி ஆகுது, ஏன்னா முதல் மாசத்துல இருந்தே அசல் குறைஞ்சுகிட்டே வருது, கடைசி மாசம் வரைக்கும் முழுக் கடனும் உங்க கைல இருக்கறதில்ல. உங்க சேர் லோன் வட்டியோட இதை ஒருதடவை ஒப்பிட்டுப் பாருங்க.

அப்புறம் ஃபீஸ் மட்டும் செலவில்ல. ஃபீஸை 100ன்னு வச்சுக்கோங்க. போக வர, தங்க 30. ஒரே சேர் கிளினிக்ங்கறதால 4 நாளும் பூட்டித்தான் கிடக்கும், வாடகையும் அசிஸ்டன்ட் சம்பளமும் நிக்காது, அது ஒரு 40. திரும்பி வந்ததும் கேமரா, மேக்ரோ லென்ஸ், ஃபிளாஷ், உதட்டை விலக்கிப் பிடிக்கிற ரிட்ராக்டர், நல்ல காம்போசிட் கிட், பாலிஷிங் செட்னு 60. ஆக 230. இது நான் உதாரணத்துக்கு வச்ச கணக்குதான், உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க, ஆனா ஃபீஸை விட ரெண்டு மடங்குக்கு மேல வந்தா ஆச்சரியப்படாதீங்க, பல் டாக்டருங்க கணக்கு நிறைய பார்க்கிறேன், இந்தப் பக்கத்தை எழுதாமலே கோர்ஸுக்குப் போறவங்கதான் ஜாஸ்தி.

இப்ப வரவு. 6 பல் வெனீர் கேஸ் ஒண்ணுக்கு பேஷன்ட் அதே அளவுல 100 கொடுத்தா அதுல வெனீர் செஞ்சு தர்ற லேப்புக்கு 35, மெட்டீரியல் 10, சேர் டைம் 30. சேர் டைம்னா அந்த நேரத்துல நீங்க ரூட் கெனால், ஃபில்லிங் பண்ணி சம்பாதிச்சிருக்கக்கூடியது, அதைக் கழிக்காம லாபம்னு சொல்லவே கூடாது. மிச்சம் 25. அப்போ 230ஐ எடுக்க 10 கேஸ் வேணும். இதுல ஒரு கேஸ் மட்டும் கழண்டோ, உடைஞ்சோ, கலர் பிடிக்கலன்னோ திரும்பப் பண்ண வேண்டி வந்தா லேப், மெட்டீரியல், டைம் எல்லாம் மறுபடி உங்க தலைல, அது 75, அதாவது 3 கேஸோட லாபம் காலி.

அதனாலதான் முதல் வருஷம் காம்போசிட்லயே இருங்கன்னு சொல்றேன். காம்போசிட்ல பேஷன்ட் 60 கொடுத்தா மெட்டீரியல் 5, உக்காந்து லேயர் போடணும்ங்கறதால சேர் டைம் 35 ஆயிடும், மிச்சம் 20தான், வெனீரை விடக் கம்மி. ஆனா லேப் பில் கிடையாது, ஓரம் உடைஞ்சா அதே சேர்ல ஒட்டிப் பாலிஷ் பண்ணி அனுப்பிடலாம், நிறைய கேஸ்ல பல்லையே வெட்ட வேண்டியதில்ல. வெனீருக்கு அரை மில்லிமீட்டர் எடுத்தாலும் எனாமல் திரும்ப வளராது. நீங்க கத்துக்குற காலத்துல ஆகுற தப்பு ஒருத்தரோட பல்லுல ஆயுசுக்கும் நிக்கக்கூடாதுன்னு நான் ரொம்ப உறுதியா நினைக்கிறேன், இந்த ஒரு விஷயத்துல கணக்கும் மனசாட்சியும் ஒரே பக்கம்தான் நிக்குது.

சரி, குறைஞ்சது 10 கேஸ் எங்கருந்து வரும்? இதுதான் நீங்க கேக்காத கேள்வி. கடந்த 6 மாச அப்பாயின்ட்மென்ட் புக்கை எடுத்து வச்சுக்கிட்டு முன் பல்லுல இடைவெளி, கலர், உடைஞ்ச முனை, ஆப்பு மாதிரி சின்னதா இருக்கிற பக்கப் பல், இப்படி ஏதாவது பேஷன்டே வாயத் திறந்து கேட்டது எத்தனை பேர்னு எண்ணுங்க. நீங்களா பார்த்துச் சொன்னதை எண்ணாதீங்க. கேட்டதுல மூணுல ஒருத்தர் சரின்னு சொல்வாங்கன்னு வச்சா 6 மாசத்துல 6 பேர் கேட்டிருந்தா 2 கேஸ், போட்ட பணம் வரவே குறைஞ்சது ரெண்டரை வருஷம், அதுக்குள்ள கத்துக்கிட்ட கையும் மரத்துப் போயிடும். எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் கோர்ஸ் முடிச்சு எட்டு மாசம் கழிச்சுதான் முதல் கேஸ் பிடிச்சாங்க, பல் எப்படி வரும்னு தற்காலிகமா பல் மேல போட்டுக் காட்டுற மாக்-அப் ஸ்டெப்பே மறந்துபோய் நோட்டைப் புரட்டிக்கிட்டு இருந்தாங்க, கடைசில அதே கோர்ஸுக்கு ரெண்டாவது தடவை பணம் கட்டினாங்க.

அதனால வரிசையை மாத்துங்க. கேமராவை இப்பவே வாங்குங்க, எப்படியும் வாங்கத்தான் போறீங்க. வர்ற ஒவ்வொரு புது பேஷன்டுக்கும் சிரிச்ச முகம், ரிட்ராக்டர் போட்ட பல்வரிசைன்னு ரெண்டு மூணு போட்டோ எடுத்து ஸ்கிரீன்ல காட்டுங்க, கண்ணாடில தினம் பார்க்கிறவங்களே போட்டோல பார்த்துட்டு தானா கேக்க ஆரம்பிப்பாங்க. சாஃப்ட்வேருக்கு இப்போ பைசா செலவு பண்ணாதீங்க, டிஜிட்டல் ஸ்மைல் டிசைனை பிரபலப்படுத்தின பிரேசில் டாக்டர் கிறிஸ்டியன் கோச்மேனே ஆரம்பத்துல சாதாரண ஸ்லைடு சாஃப்ட்வேர்ல போட்டோ மேல கோடு போட்டுத்தான் பண்ணினார்.

கூடவே பல்லை வெளுக்க வைக்கிற பிளீச்சிங்கை ஒழுங்கா எடுத்துப் பண்ணுங்க. 10 சதவீத கார்பமைட் பெராக்சைடு ஜெல்லை பல் அளவுக்குச் செஞ்ச ட்ரேல போட்டு ராத்திரி வச்சுக்கிற முறையை ஹேவுட், ஹேமன்னு ரெண்டு அமெரிக்க பல் டாக்டருங்க 1989லயே எழுதிட்டாங்க, புதுசா கோர்ஸ் எதுவும் தேவையில்ல, லேப் செலவுன்னா ட்ரே மட்டும்தான். பிளீச் முடிஞ்ச உடனே காம்போசிட்டை பல்லுல ஒட்டற பாண்டிங் சரியா பிடிக்காது, ஒரு ரெண்டு வாரம் விடணும்னு உங்களுக்கே தெரியும், அதைக் கணக்கா வச்சுக்கிட்டா பிளீச்சுக்கு வந்தவங்கள்ல முன் பல் சரி பண்ணணும்னு கேக்கறவங்களை கோர்ஸ் முடியற தேதிக்கு அடுத்த வாரத்துல புக் பண்ணிடலாம். பிளீச்சிங்ல வர்ற லாபம் முழுக்க தனி அக்கவுன்ட்ல போகட்டும், வீட்டுச் செலவோட கலக்க வேணாம், கோர்ஸ் ஃபீஸ் அதுலருந்துதான் போகணும், ஒரு 6 மாசம், ஜாஸ்தி போனா 8 மாசத்துல சேர்ந்துடும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு. அந்தப் பணம் சேரவே இல்லன்னாலும் ஒரு விஷயம் தெரிஞ்சிடும், உங்க கிளினிக்குக்கு வர்றவங்க இப்போதைக்கு இதுக்குக் காசு கொடுக்கத் தயாரா இல்ல, அதை டெபாசிட்டை உடைக்காமலே தெரிஞ்சுக்கிட்டீங்க.

கோர்ஸ் எடுக்கும்போது ஹேண்ட்ஸ்-ஆன்ங்கற வார்த்தையை மட்டும் நம்பாதீங்க, ஃபோன் போட்டுக் கேளுங்க. ஒரு ட்ரெய்னருக்கு எத்தனை பேர், மெழுகுல பல் மாதிரி செய்யற வாக்ஸ்-அப் நானே பண்றேனா இல்ல ரெடியா தருவாங்களா, மாக்-அப் மேல ஆழம் காட்டுற டெப்த் கட் போட்டு எத்தனை பல்லை நான் செதுக்கி பிரெப் பண்ணுவேன், போர்சலினை ஆசிட்ல எட்ச் பண்ணி, பசை பிடிக்க சைலேன் போட்டு, எச்சில் படாம ரப்பர் டேம் கட்டி ஒட்டற வரைக்கும் என் கையால முடியுமா. கடைசி ஸ்டெப்பை டெமோன்னு சொல்லி நழுவுற கோர்ஸ் நிறைய, வெனீர் கழண்டு வர்றதுக்கு அந்த ஸ்டெப்ல கோட்டை விடறதும் ஒரு முக்கிய காரணம். என்னைக் கேட்டா ஃபீஸ் பத்து சதவீதம் ஜாஸ்தின்னாலும், திரும்பி வந்து நீங்க பண்ற முதல் 3 கேஸோட போட்டோவைப் பார்த்துக் கருத்து சொல்ற கோர்ஸைத்தான் எடுப்பேன், அந்த 75 நஷ்டம் ஒரு தடவை தப்பிச்சாலே ஜாஸ்தி கொடுத்த காசு பல மடங்கா திரும்ப வந்துடும். லைவ் பேஷன்ட்னு சொன்னா அங்க உங்க ரெஜிஸ்ட்ரேஷன் செல்லுமான்னும் கேட்டுக்கோங்க.

இன்னொண்ணு, பேஷன்ட் நஷ்டஈடு கேட்டா காப்பாத்துற உங்க இன்டெம்னிட்டி பாலிசில அழகுக்காக மட்டும் பண்ற சிகிச்சைக்கு கவர் இருக்கான்னு எழுத்துல வாங்குங்க, ஃபோன்ல இருக்குன்னு சொன்னதெல்லாம் க்ளெய்ம் வரும்போது நிக்காது. கோர்ஸ் ஃபீஸை தொழில் செலவா காட்ட முடியுமான்னு ஆடிட்டரைக் கேளுங்க, பில் கிளினிக் பேர்ல இருக்கட்டும்.

தள்ளுபடி போயிடுமேன்னு கவலை வேணாம், இந்த மாதிரி கோர்ஸ் ஒரு தடவையோட நிக்கறதில்ல, அடுத்த பேட்ச் வரும். அப்பாயின்ட்மென்ட் புக்கை எண்ணிட்டு அந்த நம்பரை எனக்கு எழுதுங்க, 6 மாசத்துல 20 பேருக்கு மேல கேட்டிருந்தா எத்தனை மாசம் காத்திருக்கணும்ங்கறதை நாம திரும்பக் கணக்குப் போடலாம்.