லிட்டில் லீக் (பிள்ளைகள் பேஸ்பால்) உலகத் தொடரில் நன்றாக வீசிக்கொண்டிருக்கும் பையனை ஏன் பாதியில் மாற்றுகிறார்கள்?

"ஆட்டமே கையில் இருக்கும்போது 85 பந்து ஆகிவிட்டது என்று எடுப்பது அநியாயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கோபத்தைப் பார்த்தால் டிவியில் பார்த்துக் கேட்பதுபோல் தெரியவில்லை, உங்கள் வீட்டுப் பையனை மாற்றியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். எனக்கும் ஒரு காலத்தில் இதே கோபம் இருந்தது.

விதி இதுதான். 11, 12 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது. 85-ஐத் தொடும்போது எதிரே பேட்டர் நின்றால் அவரை மட்டும் முடித்துக்கொள்ளலாம். 66 அல்லது அதற்கு மேல் வீசிவிட்டால் நான்கு நாள் ஓய்வு. 2007-க்கு முன்னால் பந்துக் கணக்கு இல்லை, எத்தனை இன்னிங்ஸ் வீசலாம் என்ற கணக்குதான். மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு இன்னிங்ஸ் முடிந்தது, அது 10 பந்திலும் முடியும், 40-க்கும் இழுக்கும். கைக்கு அது பாதுகாப்பே இல்லை.

பென்சில்வேனியாவில் உள்ள வில்லியம்ஸ்போர்ட்டில் நடக்கும் உலகத் தொடரிலும் யாருக்கும் சலுகை கிடையாது. 2014-ல் பிலடெல்பியா அணியின் மோனே டேவிஸ் என்ற சிறுமி அங்கே ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வென்றாள். எந்தப் பெண்ணும் அதற்கு முன் அங்கே அதைச் செய்ததில்லை. ஊரே அவளைப் பார்க்கத்தான் காத்திருந்தது. அடுத்து லாஸ் வேகாஸ் அணியிடம் வீசித் தோற்றாள். மறுநாள் சிகாகோவுடன் தோற்றால் வெளியே என்ற ஆட்டம், ஆனால் ஓய்வு விதியால் அவள் பந்து வீச முடியாது. பிலடெல்பியா 6-5 என்று தோற்றது.

சரி, என் கதைக்கு வருகிறேன். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு அப்போது 12. சனிக்கிழமை லிட்டில் லீக்கில் அறுபதுக்கு மேல் வீசினான். ஞாயிற்றுக்கிழமை வேறொரு டிராவல் அணிக்கு, அதாவது லிட்டில் லீக்குக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் அணிக்கு, ஆட்டம். லிட்டில் லீக் கணக்கு அங்கே செல்லாது. "கை எப்படி இருக்கு?" என்று கோச் கேட்டார், இவன் "ஃபைன்" என்றான். அவருக்கு முந்தைய நாள் கணக்கு தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றும் ஐம்பது பந்து.

திங்கள் இரவு ரசம் சாதம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "பீச்சாங்கையால சாப்பிடாதடா" என்று அதட்டினார். ஸ்பூனை வலது கைக்கு மாற்றினான். தட்டிலிருந்து வாய்வரை கை வரவில்லை. பாதியிலேயே நின்றுவிட்டது, கண்ணில் தண்ணீர்.

டாக்டர் இரண்டு முழங்கைக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இந்த வயதில் முழங்கையின் உட்பக்கம் எலும்பு வளரும் இடம் இன்னும் குருத்தெலும்புதான். ஒவ்வொரு பந்துக்கும் தசை அதைப் பிடித்து இழுக்கிறது. இந்தக் காயத்துக்கு 'லிட்டில் லீக் எல்போ' என்றே பெயர் இருக்கிறது. மூன்று மாதம் பந்தைத் தொடக் கூடாது என்றார்.

நான் டாக்டர் இல்லை, என் பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். டிராவல் அணிகள் எல்லாமே மோசம் என்றும் சொல்லவில்லை, அந்த கோச் நல்ல மனிதர். "நாங்கள் நாள் முழுக்க பந்து போட்டு வளர்ந்தவர்கள்" என்று சிலர் வருவார்கள். நாம் தெருவில் டென்னிஸ் பாலில் ஆடினோம், வலித்தால் வீட்டுக்குப் போனோம். "இன்னும் ஒரு இன்னிங்ஸ்" என்று வேலிக்கு வெளியே நின்று கத்த அப்பா யாரும் இல்லை.

   

அடுத்த ஆகஸ்டில் அவனை வில்லியம்ஸ்போர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். உலகத் தொடருக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. லமேட் ஸ்டேடியத்துக்குப் பின்னால் உள்ள புல்மேட்டில் சின்னப் பிள்ளைகள் அட்டைப் பெட்டியைக் கிழித்து வைத்துச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தின் நடுவே ஒரு கோச், பந்து வீசும் மேடான மவுண்டுக்கு நடந்து போய், வீசிக்கொண்டிருந்த பையனிடமிருந்து பந்தை வாங்கினார். அந்தப் பையன் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் இடத்துக்கு ஓடினான். மாற்றினால் ஆட்டத்தைவிட்டே போக வேண்டும் என்பதில்லை, உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தேதி, எந்த அணி, எத்தனை பந்து. இரண்டு கோச்சுக்கும் அதைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவேன். எண்ணிக்கையை அவன்தான் எழுதுகிறான்.