அசிஸ்டென்ட் எழுதிய மாத்திரையைச் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 66. வட கரோலினாவில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இரத்த அழுத்தம் ஏறியதால் கிளினிக்குக்குப் போனோம். மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தவர் டாக்டர் இல்லையாம், 'பிஸிஷியன் அசிஸ்டென்ட்' என்கிறான் மகன். நம்பிச் சாப்பிடலாமா?

பதில்: தாராளமாகச் சாப்பிடலாம் அம்மா. அசிஸ்டென்ட் என்றதும் பழைய கம்பவுண்டர் உங்கள் நினைவுக்கு வந்திருப்பார். இவர் அவரல்ல. பட்டப்படிப்புக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மருத்துவம் பயின்று, தேசிய அளவிலான தேர்வில் தேறி உரிமம் பெற்றவர். அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இவர்கள் மருந்து எழுதலாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொழில் பிறந்ததே நீங்கள் இருக்கும் மாநிலத்தில்தான். கார்லண்ட் என்ற சிற்றூரில் ஏமஸ் ஜான்சன் என்றொரு மருத்துவர் இருந்தார். அவரிடம் பக்கத்தில் நின்றே தொழில் கற்றவர் ஹென்றி டிரெட்வெல் என்ற கறுப்பினத்தவர். மருத்துவர் வெளியூர் போனால் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டவர் அவர்தான். டாக்டர் அல்லாதவர்களுக்கும் மருத்துவப் பயிற்சி கொடுக்கலாம் என்று டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் யூஜின் ஸ்டெட் யோசித்துக்கொண்டிருந்த திட்டத்துக்கு இது கண்ணெதிரே ஓர் உதாரணமாக இருந்தது. அப்போது நாட்டில் டாக்டர்கள் போதவில்லை. அனுபவமுள்ள செவிலியருக்கு மேற்பயிற்சி கொடுக்க அவர் முதலில் முயன்றார். செவிலியர் கல்வி அமைப்பு அந்தப் படிப்பை அங்கீகரிக்கவில்லை. எனக்கு இன்றும் அது ஒரு நல்ல வாய்ப்பு நழுவியதாகத்தான் தோன்றுகிறது.

பிறகு அவர் கண் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்து திரும்பியவர்கள்மேல் விழுந்தது. கப்பலிலும் போர்முனையிலும் காயம் தைத்துப் பழகிய அவர்களுக்கு ஊரில் அந்தத் திறமைக்கேற்ற வேலை இல்லை. 1965இல் நான்கு பேரோடு ஈராண்டுப் படிப்பைத் தொடங்கினார். 1967 அக்டோபர் 6 அன்று மூவர் தேறி வெளியே வந்தார்கள். அது ஸ்டெட்டின் பிறந்தநாளும்கூட.

சென்னைக்கும் இது புதிதல்ல. இதய அறுவை நிபுணர் கே. எம். செரியன் 1992இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இந்தப் பயிற்சியைத் தொடங்கினார்.

ஆகவே, எழுதியவர் யார் என்பது எனக்குக் கவலையில்லை. என் கவலை உங்கள் கைப்பையைப் பற்றியது. ஊரிலிருந்து கொண்டுபோன மாத்திரை அட்டை அதில் இருக்குமே! ஒரே மருந்துக்கு அங்கே வேறு பெயர் இருக்கும். பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கி, அழுத்தம் தாழ்ந்து மயங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லா அட்டைகளையும் அந்த அசிஸ்டென்டிடமே காட்டி, எதை நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் அழுத்தத்தை அளந்து குறித்து வையுங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் உடனே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல் என்று ஏதாவது வந்தால் கிளினிக் வேண்டாம், மகனை அவசர உதவி எண் 911க்கு அழைக்கச் சொல்லுங்கள்.