தையல் பிரிந்ததற்கு வழக்குப் போடலாமா?

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு வாரத்தில் தையல் போட்ட இடத்தில் தண்ணீர் மாதிரி கசிந்தது. கட்டை மட்டும் மாற்றி, "இதெல்லாம் சகஜம்" என்று சொல்லி டிஸ்சார்ஜ் செய்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், சீழ், தையல் பிரிந்து மறுபடியும் ஆபரேஷன். சிறுநீரகம் வேலை செய்கிறது, புண்தான் இன்னும் ஆறவில்லை. கேட்டால் சர்க்கரையும் உடல் எடையும்தான் காரணம், நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்களே என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, போடலாம். ஆனால் தையல் பிரிந்தது என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் தோற்றுவிடுவீர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாமல் இருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு, சிரோலிமஸ் போன்ற மருந்துகளே புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். அதோடு சர்க்கரை, பருமன் எல்லாம் சேர்ந்தால் நல்ல கைராசிக்கார சர்ஜன் போட்ட தையல்கூடப் பிரியலாம், எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் சொல்வார்.

உங்கள் வழக்கு இருப்பது அந்தக் கசிவில். அது நிணநீரா (உடலின் நிணநாளங்களில் ஓடும் தெளிந்த திரவம்), சிறுநீரா, சீழா என்று யாராவது பார்த்தார்களா? கசிந்த நீரில் கிரியேட்டினின் (சிறுநீரில் வெளியேறும் கழிவுப் பொருள்) அளவைப் பார்த்து, அதே நாள் ரத்தத்தில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்: ரத்தத்தைவிட ரொம்ப அதிகமாக இருந்தால் சிறுநீர் கசிகிறது, ஏறக்குறைய சமமாக இருந்தால் நிணநீராக இருக்க வாய்ப்பு. ஒரு ஸ்கேன், ஒரு கல்ச்சர் (கிருமி இருக்கிறதா என்ற பரிசோதனை), இவ்வளவுதான். இதில் எதையும் செய்யாமல் பஞ்சை மாற்றி அனுப்பியிருந்தால், நோய் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைத்து வைத்திருக்கும் ஒருவரை அப்படி அனுப்பியது சரியா என்று நீதிமன்றம் கேட்கும். அப்போதும் பாதிதான் முடிந்தது. அன்றே பார்த்திருந்தால் இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டிருக்காது என்று, அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத ஒரு மாற்று அறுவை நிபுணர் எழுதித் தர வேண்டும்.

சர்க்கரையையும் எடையையும் காரணம் சொல்கிறார்களே, அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்த விஷயம் அது, ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் இன்னும் உன்னிப்பாகக் கவனித்திருக்க வேண்டும் என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

ஒப்புதல் படிவம்? ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துதான் சம்மதித்தோம் என்பதற்கு அது சான்று, கவனக்குறைவுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. புண் பிரியலாம் என்று வாயால் விளக்கினார்களா என்பதும் முக்கியம். நோயாளி முக்கியமாக நினைக்கக்கூடிய ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-இல் மான்ட்கோமரி வழக்கில் தீர்ப்பளித்தது.

இப்போதே முழு கேஸ் ஷீட்டையும் எழுதிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, அதில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். நர்ஸ்கள் எழுதிய குறிப்பு, காய்ச்சல் அட்டவணை, உள்ளே தேங்கும் நீரை வெளியேற்ற வைத்த டிரெயின் குழாயில் தினமும் எவ்வளவு வந்தது என்ற கணக்கு, இவைதான் பேசும். புண்ணின் போட்டோவைத் தேதியோடு எடுத்து வையுங்கள். கோபத்தில் மருந்தையோ செக்கப்பையோ நிறுத்திவிடாதீர்கள், சிறுநீரகமும் போகும், வழக்கும் போகும்.

வழக்குப் போடுவதற்கான கெடு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு, இங்கிலாந்தில் பொதுவாக 3 ஆண்டு. அப்புறம், மருத்துவமனை சமரசம் பேசக் கூப்பிட்டால் போங்கள், ஆனால் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளில் புண் முழுக்க ஆறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். பிரிந்து ஆறிய இடத்தில் பின்னாளில் குடலிறக்கம் வருவது உண்டு, அந்த ஆபரேஷன் செலவையும் சேர்த்துக் கேட்க வழி இருக்க வேண்டும்.