களை எடுக்கத் தெரியாதவன் விவசாயம் பார்க்கலாமா?

எனக்கு வயது 36. சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். போன ஆண்டு அப்பா காலமானார். செங்கம் அருகே அவர் பயிரிட்ட இரண்டு ஏக்கரை விற்க மனம் வராமல், வேலையை விட்டுவிட்டு வந்து நிலக்கடலை போட்டிருக்கிறேன். களை எடுக்க ஆட்களோடு நானும் இறங்கினேன். உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து, களைக்கொத்தியின் பிடி வழுக்குகிறது. குனிந்தால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. அப்பா காலத்திலிருந்தே வேலைக்கு வரும் அறுபது வயது அம்மா ஒருவர் தம் வரிசையை முடித்துத் திரும்பும்போது நான் பாதியில் நிற்கிறேன். “நீங்கள் வரப்பில் உட்காருங்கள் தம்பி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. இந்த உடம்பு எதற்கும் லாயக்கில்லையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

ஆலோசகர் பதில்:

தம்பி, முதலில் உடம்பு. பழக்கமில்லாத வேலை செய்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் வலி உச்சத்துக்குப் போகும். சில நாட்களில் அடங்கிவிடும். ஆனால் கடும் வலியோடு சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

நானும் கடலை விளையும் ஊர்க்காரிதான். விதைத்து 45 நாள் தாண்டி, பூவிலிருந்து வந்து காய் பிடிக்கும் விழுது மண்ணில் இறங்கிவிட்டால் அங்கே கொத்தி படக் கூடாது. அதற்குள் களையை முடித்தாக வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. உங்களை வரப்புக்கு அனுப்பியது பயிர் மீதான அக்கறையாகவும் இருக்கலாம். கொஞ்சம் கேலியும் இருந்திருக்கும்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாழ்நாளெல்லாம் களை எடுத்த கையை ஒரே பட்டத்தில் எட்டிப் பிடிக்க நினைக்கிறீர்களே! மூன்று மாதத்துக்கொரு முறை மதிப்பெண் போடும் அலுவலகப் பழக்கம் இன்னும் விடவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. கொப்புளத்தை அவ்வளவு விவரித்த நீங்கள், அப்பாவின் மறைவை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். வரப்பில் உட்காரச் சொன்னது, அப்பாவின் நிலத்தில் உங்களுக்கு இடமில்லை என்பதுபோல் கேட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அந்த அம்மாவுக்குப் பக்கத்து வரிசையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் ஏறும்வரை செய்தால் போதும். அவர் கொத்தியைப் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். அப்பாவைப் பற்றிப் பேச்சை எடுங்கள். உங்களுக்குத் தெரியாத அப்பாவை அவருக்குத் தெரிந்திருக்கும். தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.