எந்தச் சுற்று என்று முதலில் கேளுங்கள்: ஆசியக் களத்தில் நம் கிளப்புகள், கேள்வி பதில்

வேலூர் கோட்டை மைதானத்தில் பந்து உதைக்கிற பையன்களுக்கு ரியல் மாட்ரிட்டில் பெஞ்சில் உட்காருகிறவர் பெயர்வரை தெரியும். 2016இல் பெங்களூரு அணி எந்த ஊரில் எந்தக் கோப்பைக்கு இறுதி ஆட்டம் ஆடியது என்று கேட்டால் முழிப்பார்கள். அதனால்தான் இந்திய கிளப்புகளின் ஆசிய ஆட்டங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். வந்ததில் பாதி ரொனால்டோ கேள்வி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதியவன் நான், பொறுமை கொஞ்சம்தான் மிச்சம்.

காட்பாடி: ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை ஜெயித்தால் நேராக ஆசியாவுக்குப் போய்விடலாமா சார்? எத்தனை போட்டி இருக்கிறது என்றே புரியவில்லை.

மூன்று மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024-25 பருவத்திலிருந்து மேல் மாடி ஏஎஃப்சி (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) சாம்பியன்ஸ் லீக் எலைட், நடு மாடி சாம்பியன்ஸ் லீக் டூ, கீழ் மாடி சேலஞ்ச் லீக். 2004இல் தொடங்கி முன்பு இரண்டாம் மாடியாக இருந்த ஏஎஃப்சி கோப்பை அந்தப் பெயரில் இப்போது இல்லை.

2024-25 பருவம்வரை ஐஎஸ்எல்லில் பரிசு இரண்டு. புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தால் ஷீல்டு, பிளே-ஆஃப் முடிந்து இறுதி ஆட்டத்தில் ஜெயித்தால் கோப்பை. பட்டாசு கோப்பைக்குத்தான் வெடிக்கிறோம், ஆனால் 2024-25க்கு ஆசியச் சீட்டு ஷீல்டோடுதான் வந்தது. சூப்பர் கோப்பையை ஜெயித்தவருக்கு ஒரு தகுதி ஆட்டம். 2024 சூப்பர் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அந்தத் தகுதி ஆட்டத்தில் துர்க்மெனிஸ்தானின் அல்டின் அசிரிடம் 2-3 என்று தோற்று, நடு மாடியிலிருந்து கீழ் மாடிக்கு இறங்கியது. அடுத்த வருஷம் அதே வழியில் வந்த கோவா ஓமனின் அல் சீபை 2-1 என்று தோற்கடித்து உள்ளே போய்விட்டது. ஆக, "ஆசியாவுக்குத் தகுதி" என்று யாராவது சொன்னால் எந்த மாடி, எந்தச் சுற்று என்று கேளுங்கள். இதை இன்னும் நாலு தடவையாவது சொல்வேன்.

ராணிப்பேட்டை: சாம்பியன்ஸ் லீக்கில் முதல் இந்திய வெற்றி மோகன் பகானுடையது என்கிறார் ஒருவர், மும்பை சிட்டியுடையது என்கிறார் இன்னொருவர். எது சரி?

இரண்டும் சரி. இதோ, இரண்டாவது தடவை: எந்தச் சுற்று?

2016 ஜனவரியில் மோகன் பகான் சிங்கப்பூரின் டாம்பைன்ஸ் ரோவர்ஸை 3-1 என்று வென்றது தகுதிச் சுற்றில். அடுத்த ஆட்டத்திலேயே சீனாவின் ஷான்டாங் லுனெங்கிடம் ஆறு கோல் வாங்கித் திரும்பியது. குழுச் சுற்றுக்குள் முதலில் கால் வைத்த இந்திய கிளப் கோவா, 2021இல். அந்தக் குழு ஆட்டங்கள் எல்லாமே கோவாவில்தான் நடந்தன. கத்தாரின் அல் ரய்யானோடு 0-0, அமீரகத்தின் அல் வாஹ்தாவோடு 0-0. ஈரானின் பெர்செபோலிஸிடம் 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் எடு பேடியா தலையால் முட்டிப் போட்டதுதான் அந்தச் சுற்றில் ஓர் இந்திய கிளப்பின் முதல் கோல். மொத்தம் மூன்று புள்ளி, மூன்றாம் இடம். கேவலம் ஒன்றும் இல்லை.

குழுச் சுற்றில் முதல் வெற்றி மும்பை சிட்டிக்கு, 2022 ஏப்ரல் 11, ரியாத்தில். ஈராக்கின் அல் குவா அல் ஜவியா, அதாவது விமானப்படை அணி, முதலில் கோல் போட்டது. டியேகோ மவுரிசியோ பெனால்டியில் சமன் செய்தார், ராகுல் பேகே தலையால் முட்டி 2-1 ஆக்கினார். அதே அணியை மறுபடியும் 1-0 என்று வென்று, குழுவில் இரண்டாம் இடம். அடுத்த சுற்றுக்கு அது போதவில்லை. அந்த விமானப்படை அணியின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

குடியாத்தம்: ரொனால்டோ இந்தியாவுக்கு ஆட வந்தாரா, இல்லையா?

வரவில்லை. 2025 அக்டோபர் 22 அன்று அவருடைய சவூதி கிளப் அல் நாசர் கோவாவின் ஃபட்டோர்டாவுக்கு வந்தது, அவர் வரவில்லை. ஆட்டம் 2-1, அல் நாசருக்கு வெற்றி. கோவாவுக்குக் கோல் போட்டவர் பிரைசன் பெர்னாண்டஸ், அந்த ஊர்ப் பையன். அவரைப் பற்றி ஒருத்தராவது கேட்டிருக்கலாம்.

திருப்பத்தூர்: அப்போ நெய்மர்?

அவரும் இல்லை. 2023 நவம்பரில் அவருடைய சவூதி கிளப் அல் ஹிலால் நவி மும்பைக்கு வந்தபோது முழங்கால் காயத்தோடு வீட்டில் இருந்தார். பெரிய பெயரை நம்பி டிக்கெட் வாங்காதீர்கள், ஆட்டத்தை நம்பி வாங்குங்கள்.

வாலாஜா: சென்னையின் எஃப்சி ஆசியாவில் ஆடியிருக்கிறதா? இருந்தால் ஏன் நமக்குத் தெரியவில்லை?

ஆடியது. தெரியாததற்குக் காரணம், சொந்த ஊர் ஆட்டங்களை அகமதாபாத்தில் ஆடியது. 2018 மார்ச்சில் பெங்களூருவை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று வீழ்த்தி ஐஎஸ்எல் கோப்பை எடுத்தார்கள். அந்தக் காலத்தில் கோப்பைக்கு ஆசியச் சீட்டு உண்டு, 2019 ஏஎஃப்சி கோப்பை. தகுதிச் சுற்றில் கொழும்பு எஃப்சியைத் தாண்டி, மினர்வா பஞ்சாப், டாக்காவின் அபஹானி, நேபாளத்தின் மனாங் மர்ஸ்யாங்டி இருந்த குழுவில் ஆறு ஆட்டம். தோல்வி ஒன்றே ஒன்று, டாக்காவில் 2-3. மினர்வாவோடு இரண்டு ஆட்டமும் டிரா. அந்த இரண்டு டிராதான் காலை வாரியது. குழுவில் முதலிடம் மட்டுமே மேலே போகும், அபஹானி போய்விட்டது.

காட்பாடியிலிருந்து சென்னைக்கு இரண்டரை மணி நேரம் ரயில். அகமதாபாத்துக்கு யார் போவது? தமிழ்நாட்டுப் பெயரில் ஓர் அணி ஆசியாவில் ஆடி, காலரியில் தமிழில் ஒரு கூச்சல்கூடக் கேட்காத பருவம் அது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆம்பூர்: எங்கள் ஷூ கம்பெனியில் பாதிப் பேர் பெங்களூரு கட்சி. ஒரு இந்திய கிளப் வெளிநாட்டு அணிகளோடு ஆடியதில் பெரிய சாதனை எது? 2016 பெங்களூருதானே?

ஆமாம், என் கணக்கிலும் அதுதான். 2016 ஏஎஃப்சி கோப்பை அரையிறுதி. எதிரே நடப்புச் சாம்பியன், மலேசியாவின் ஜோகூர் டாருல் தாஜிம். அங்கே 1-1. திரும்ப ஆட்டம் அக்டோபர் 19, பெங்களூருவின் கண்டீரவா மைதானம். பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு காட்பாடியில் ரயில் ஏறினேன். உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் ஜோகூர் கோல் போட்டுவிட்டது. பக்கத்தில் ஒருவர் "அவ்வளவுதான்" என்று கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தார். இடைவேளைக்குச் சற்று முன் சேத்ரி. பிறகு மறுபடி சேத்ரி. கடைசியில் ஜுவானன் தலை. 3-1. கடலைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார், இன்றுவரை அவர் பெயர் தெரியாது. நள்ளிரவு மெயிலில் தூங்காமல் வந்து, காலையில் குரல் இல்லாமல் பி.டி. வகுப்பு எடுத்தேன்.

நவம்பர் 5, தோஹாவில் இறுதி ஆட்டம். எதிரே அதே ஈராக் விமானப்படை. கோல்கீப்பர் அம்ரிந்தர் சிங் தடையில் உட்கார, 70ஆம் நிமிஷம் ஹம்மாதி அகமது கோல், 0-1. சொந்த நாட்டில் சர்வதேச ஆட்டம் நடத்த ஈராக்குக்கு அப்போது அனுமதி இல்லை, அதனால் தோஹாவே அவர்களுக்குச் சொந்த மைதானம். ஏஎஃப்சி கோப்பையின் இறுதிவரை போன ஒரே இந்திய கிளப் பெங்களூருதான். 2008இல் டெம்போவும் 2013இல் ஈஸ்ட் பெங்காலும் அரையிறுதியோடு நின்றன.

மேல்விஷாரம்: தோற்ற இறுதி ஆட்டத்தைச் சாதனை என்கிறீர்கள். 2003இல் ஈஸ்ட் பெங்கால் கோப்பையையே எடுத்துக்கொண்டு வந்ததே, அது என்ன?

வந்துவிட்டதா? எதிர்பார்த்தேன்.

2003 ஆசியான் கிளப் போட்டி, ஜகார்த்தா. தென்கிழக்கு ஆசிய கிளப்புகளுக்கான போட்டியில் ஈஸ்ட் பெங்கால் அழைப்பின் பேரில் ஆடியது. சுபாஷ் பௌமிக் பயிற்சியாளர். முதல் ஆட்டத்திலேயே தாய்லாந்தின் பிஇசி தெரோ சாசனாவிடம் 0-1 தோல்வி. அடுத்து பிலிப்பைன்ஸ் ராணுவ அணிக்கு ஆறு கோல், ஆறும் பாய்ச்சுங் பூட்டியா. அரையிறுதி பெனால்டிவரை போனது. ஜூலை 26 இறுதி ஆட்டத்தில் அதே தெரோவை 3-1 என்று வென்றார்கள். பூட்டியா போட்டியில் மொத்தம் 9 கோல். நல்ல வெற்றிதான், ஆனால் அழைப்புப் போட்டி. ஏஎஃப்சி கோப்பை ஒரு பருவம் முழுக்க உள்ளூரிலும் வெளியூரிலும் மாறி மாறி ஆடுவது.

மேல்விஷாரம் (மறுபடி): அந்த தெரோ அந்த வருஷ ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிவரை போன அணி. உங்கள் ஜோகூர் இரண்டாம் மாடி அணி. யாரை வென்றது பெரிது?

உண்மை. அந்த இறுதியில் அமீரகத்தின் அல் ஐனிடம் 1-2 என்று மொத்தக் கணக்கில் தோற்ற அணி அது. இந்த இடத்தில் என்னிடம் சட்டென்று பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒரு ராத்திரியின் எதிரியை வைத்துப் பார்த்தால் 2003 பெரிது.

ஆம்பூர்: சார், கட்சி மாறாதீர்கள்!

மாறவில்லை பாய். ஒரு ஆட்டத்தை வைத்து 2003, ஒரு பருவத்தை வைத்து 2016.

வாணியம்பாடி: இரண்டும் இல்லை. 1911இல் வெறுங்காலோடு வெள்ளைக்கார ரெஜிமெண்டை மோகன் பகான் ஜெயித்ததுதான்.

ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட், 2-1, ஐஎஃப்ஏ ஷீல்டு. கண்ணில் நீர் வரவைக்கிற கதை. ஆனால் இந்தியாவிலேயே இருந்த பட்டாளம் வெளிநாட்டு கிளப் ஆகாது. தலைப்புக்குள் வாருங்கள்.

இதற்குப் பிறகு இதே சண்டையில் பதினோரு செய்திகள். எல்லாவற்றையும் படித்தேன். புதிதாக யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அரக்கோணம்: மோகன் பகான் ஈரானுக்குப் போகாததால் தோற்றதாகக் கணக்கா?

தோல்விகூட இல்லை, அதைவிட மோசம். 2024 அக்டோபரில் தப்ரீஸில் டிராக்டர் அணியோடு ஆட வேண்டியது. பாதுகாப்புக் காரணம் சொல்லிப் போகவில்லை. போட்டியிலிருந்தே விலகியதாக ஏஎஃப்சி முடிவு செய்தது. அதற்கு முன் கொல்கத்தாவில் தஜிகிஸ்தானின் ரவ்ஷானோடு ஆடிய 0-0 ஆட்டமும் கணக்கிலிருந்து அழிந்தது. ஆட்டக்காரர்களின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2025இலும் இஸ்ஃபஹானுக்குப் போகாமல் அதே கதை நடந்தது. ஈரான் அணிகள் இருக்கிற போட்டியில் சேரும்போதே இதை யோசிக்க வேண்டாமா?

பேரணாம்பட்டு: வெளியூரில் போட்ட கோல் இரண்டு மடங்கா?

ஆசியாவில் 2023-24 முதல் கிடையாது.

ஆர்க்காடு: பையனுக்கு 11 வயது. எந்த அகாடமியில் சேர்க்கலாம்?

இது இந்தக் கேள்வி பதிலுக்குள் வராது. சாயங்காலம் நேதாஜி ஸ்டேடியத்தில் போய் விசாரியுங்கள்.

சத்துவாச்சாரி: வேலூரிலிருந்து ஒரு கிளப் ஆசியாவுக்குப் போக வழி உண்டா?

காகிதத்தில் உண்டு. 2024-25இல் இருந்த படி வரிசை: மாநில லீக், ஐ-லீக் 3, ஐ-லீக் 2, ஐ-லீக், பிறகு ஐஎஸ்எல். இந்தக் கடைசிப் படியை ஆட்டத்தால் முதலில் தாண்டியது பஞ்சாப், 2022-23இல். ஆனால் ஆட்டம் மட்டும் போதாது, ஏஎஃப்சியின் கிளப் உரிமமும் வேண்டும். மைதானம், விளக்கு, இளைஞர் அணி, கணக்கு வழக்கு எல்லாம் பார்ப்பார்கள். கோயம்புத்தூரை வீடாகக் கொண்ட சென்னை சிட்டி 2018-19இல் ஐ-லீக்கை ஜெயித்து, 2020இல் பஹ்ரைனின் ரிஃபாவோடு தகுதி ஆட்டம் ஆடி 0-1 என்று தோற்றது. பிறகு ஏஎஃப்சி கோப்பையில் இடம் கிடைத்தது, கொரோனா வந்து போட்டியே ரத்து. சென்னை அல்லாத ஒரு தமிழ்நாட்டு ஊர் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. நாம் முதலில் மாவட்ட லீக்கை வருஷா வருஷம் தவறாமல் நடத்துவோம்.

குடியாத்தம்: ரொனால்டோ அடுத்த வருஷமாவது...

அடுத்த கேள்வி.

காட்பாடி: ஆசிய கிளப் போட்டியில் ஆடிய முதல் இந்திய அணி எது?

நல்ல கேள்வி, கடைசியில் வந்திருக்கிறது. 1969, பாங்காக், மைசூர் மாநில அணி. கிளப்பே இல்லை! அப்போது தேசிய லீக் கிடையாது, அது 1996இல்தான் வந்தது. அதனால் சந்தோஷ் கோப்பையை ஜெயித்த மாநிலத்தை ஆசிய கிளப் போட்டிக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் டெஹ்ரானுக்கு வங்காளம் போய் நான்காம் இடம் பிடித்தது.

ஆம்பூர்: மைசூர் மாநிலம் என்றால் பெங்களூருவும் அதில்தானே சார்? அப்போ அதையும் எங்கள் கணக்கில்...

பாய், மேல்விஷாரம் பார்ப்பதற்குள் அழித்துவிடுங்கள்.