கறுத்த வெடிப்பு மண்ணில் கான் வெட்டலாமா?

இலங்கை மலையகத்தின் தலவாக்கலையில் வளர்ந்த ஒரு தம்பி இப்போது அவுஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் லாங்ரீச் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது: "பாலைவனத்தின் ஓரம் என்றார்கள், மணல்தான் இருக்கும் என்று நினைத்து வந்தேன். இங்கே சாம்பலும் கறுப்பும் கலந்த களிமண், கை போகிற அளவுக்கு வெடிப்பு. மழை பெய்தால் வண்டி நகராது. தங்குமிடத்துக்குப் பின்னால் லீக்ஸ், கரட் போட ஆசை. ஊரில் செய்வது போல கான் (வடிகால்) வெட்டி, டொலமைட் (சுண்ணாம்பு வகைத் தூள்) போட்டுப் பாத்தி கட்டலாமா? மாடு மேயும் நிலத்தையும் கவனிக்கச் சொல்கிறார் முதலாளி, எதைப் பார்ப்பது?"

டொலமைட் வேண்டாம், கானும் வேண்டாம் தம்பி. அப்புறம் அந்த வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள், அந்த மண்ணில் விஷப்பாம்புகள் வெயிலுக்கு ஒதுங்குகிற இடமே வெடிப்புகள்தான்.

நம் மலையில் மண் சிவப்பாகவும் மஞ்சளாகவும் இருப்பது ஏன் என்று யோசித்தால் மற்றது விளங்கும். வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை கொட்டுகிறது. நுவரெலியாவில் அதில் பாதிகூட இல்லை, ஆனாலும் 2000க்குக் கிட்ட வரும். இப்படிக் காலங்காலமாகக் கழுவுண்ட மண்ணில் கல்சியம், மக்னீசியம் எல்லாம் போய், இரும்பும் அலுமினியமும் கயோலினைட் என்ற களியும்தான் மிஞ்சும், மண் புளித்துப்போகும். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பி.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) இருப்பது நல்லது, மரக்கறிக்கு அது போதாது, அதனால்தான் டொலமைட் போடுகிறோம். கயோலினைட் தண்ணீர் பட்டால் பெரிதாக ஊதாது, காய்ந்தால் பெரிதாகச் சுருங்காது. தண்ணீர் இறங்கிப் போகும், மிச்சம் சரிவில் ஓடும், அந்த ஓட்டம் மேல்மண்ணை வாரிக்கொண்டு போகாமலிருக்கத்தான் மலை முழுக்கக் கான் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

லாங்ரீச்சில் கதை தலைகீழ். வருடத்துக்கு 450 மில்லிமீற்றர்கூட சராசரியாகக் கிடைப்பதில்லை, அதுவும் பெரும்பாலும் கோடையில் சில நாட்களில் வந்து முடிந்துவிடும். கழுவிக்கொண்டு போக மழை இல்லாததால் கல்சியம் மண்ணிலேயே தங்குகிறது, தோண்டினால் வெள்ளையாகச் சின்னச் சின்னக் கட்டிகள் வரும், அதில் இரண்டு சொட்டு வினாகிரி விட்டால் நுரைக்கும். அது சுண்ணாம்பு. ஏற்கெனவே சுண்ணாம்பு உள்ள மண்ணுக்கு டொலமைட் எதற்கு? பி.எச். 8ஐத் தாண்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்த நிலையில் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது, இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். டொலமைட் போட்டால் அது இன்னும் மோசமாகும்.

அங்கே உள்ள களி ஸ்மெக்டைட் வகை. அதன் தகடுகளுக்கு இடையிலேயே தண்ணீர் புகுந்துவிடும், புகுந்தால் மண் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். உலக மண் வகைப்பாட்டில் வெர்ட்டிசால் என்பார்கள், அவுஸ்திரேலியாவில் வெர்ட்டோசால். இது நமக்கு முழுக்கப் புதிதும் அல்ல: மன்னார் முருங்கனில் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெல் விளைகிற மண் இதே குடும்பம்தான், தமிழ்நாட்டில் கரிசல் என்பதும் இதைத்தான். காய்ந்த பிறகு மேல்மண் தானாகவே அரிசிக் குருணை போலப் பொலபொலவென்று உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் நல்ல மண். தட்டுத் தட்டாக ஓடு கட்டி நின்றால் சோடியம் கூடுதல் என்று சந்தேகப்பட வேண்டும்.

எல்லாரும் இடறுகிற இடம் ஒன்று உண்டு, உங்களுக்கு மிகவும் தேவைப்படுவதும் அதுதான். களிமண் தண்ணீரை நிறையப் பிடிக்கும், ஆகவே வறண்ட ஊரில் களிமண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று தோன்றும். ஆனால் பிடிப்பது வேறு, கொடுப்பது வேறு. பத்து மில்லிமீற்றர் மழை மணலில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும், இந்தக் களியில் ஒரு விரல் நீளம்தான் நனையும், அடுத்த இரண்டு நாள் வெயில் அதை அப்படியே எடுத்துவிடும். இறங்கிய தண்ணீரிலும் ஒரு பகுதியைக் களி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், மண்ணைத் தொட்டால் ஈரம் தெரியும், செடி வாடி நிற்கும். அதனால் சின்னத் தூறலைப் பார்த்து நிலம் நனைந்துவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள். பெரிய மழை வரும்போது வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் நேரே ஆழத்துக்குப் போகும், பிறகு மண் ஊதி வெடிப்பு மூடிக்கொண்டால் இறங்குவது மிக மெதுவாகிவிடும். ஆழத்துக்குப் போன அந்தத் தண்ணீரில்தான் அங்கே மாடு மேயும் மிட்செல் புல் பல வருடம் உயிரோடு இருக்கிறது, அதன் வேர் ஒரு மீற்றரையும் தாண்டிப் போகும். மரம் குறைவாக இருப்பதற்கும் இந்த ஊதிச் சுருங்கும் மண் ஒரு காரணம், வேரை அறுத்துவிடும். வேலித் தூண் சாய்வதும், தண்ணீர்க் குழாய் உடைவதும், சுவர் வெடிப்பதும் இதனால்தான்.

கான் வெட்டினால் என்ன ஆகும்? அரிதாக வருகிற தண்ணீரை நீங்களே வழிகாட்டி வெளியே அனுப்புகிறீர்கள். போதாததற்கு, உள்மண் சோடியம் மிகுந்ததாக இருந்தால் வெட்டிய வாய் கரைந்து கரைந்து பெரிய ஓடையாகிவிடும்.

தோட்டத்துக்கு முன் ஒரு சோதனை. மேல்மண்ணிலிருந்து ஒன்று, முழங்கை ஆழத்திலிருந்து ஒன்று, பட்டாணி அளவு காய்ந்த கட்டிகளை எடுத்து, இரண்டு கண்ணாடிக் குவளையில் மழைநீர் ஊற்றி மெதுவாகப் போடுங்கள். கலக்காதீர்கள். கட்டி உடைந்து சரிந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கல் படர்ந்தால் சோடியம் இருக்கிறது. பத்து நிமிடத்தில் ஒருமுறை, இரண்டு மணித்தியாலத்தில் ஒருமுறை, அடுத்த நாள் ஒருமுறை பாருங்கள். கலங்கினால் ஜிப்சம் (கல்சியம் சல்பேற்றுத் தூள்) போடலாம், தோட்ட அளவுக்கு ஒரு சதுர மீற்றருக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. ஜிப்சம் பி.எச்.ஐக் கூட்டாது, சோடியத்தின் இடத்தில் கல்சியத்தை வைக்கும். தெளிவாக இருந்தால் ஜிப்சத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

மண்ணைக் கொத்துகிற நேரமும் முக்கியம். கொஞ்சம் மண்ணை உள்ளங்கையில் உருட்டுங்கள், மெல்லிய கயிறாகத் திரண்டால் ஈரம் அதிகம், மண்வெட்டியைத் தொடாதீர்கள். கயிறாகாமல் உதிர்ந்தால் கொத்தலாம். முழுக்கக் காய்ந்துவிட்டால் அதுவும் கல். இடைப்பட்ட சில நாட்கள்தான் கிடைக்கும், அதற்குள் பாத்தியை உயர்த்திக் கட்டி, மக்கிய மாட்டெருவை நிறையக் கலந்து, மேலே வைக்கோல் மூடாக்குப் போட்டுவிடுங்கள். லீக்ஸ் வரும், ஆனால் மே முதல் ஓகஸ்ட் வரையான குளிர்காலத்தில் போடுங்கள், கோடை வெயிலில் வேண்டாம். கரட் இந்த மண்ணில் கிளைத்துக் கோணலாகும், அதற்கென்று ஒரு பெட்டியில் மணலும் எருவும் கலந்து தனியாகப் போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, தோட்டம் தப்புவதும் சாவதும் அதில்தான் இருக்கிறது: எந்தத் தண்ணீர் ஊற்றப் போகிறீர்கள்? அந்தப் பகுதிப் பண்ணைகளில் ஆழ் குழாய்க்கிணறுகள் பெரும்பாலும் பெரும் ஆர்ட்டீசியன் படுகை என்ற நிலத்தடி நீர்ப்படுகையின் நீரைத்தான் எடுக்கின்றன. மாடு குடிக்கும், ஆனால் அதில் பல இடங்களில் சோடியம் பைகாபனேற்று அதிகம். அதைக் களிமண்ணுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தால் கல்சியம் சுண்ணாம்பாகப் படிந்து, சோடியம் ஆட்சிக்கு வந்து, மண் மூச்சடைத்துவிடும். கூரையில் விழும் மழைநீரைத் தாங்கியில் சேமித்துத் தோட்டத்துக்கு வையுங்கள்.

மேய்ச்சல் நிலத்தில் மழைக்குப் பிறகு மாட்டையும் வண்டியையும் ஈரமண்ணில் விடாதீர்கள், அந்தத் தடம் மாதக்கணக்கில் கிடக்கும். காய்ந்து செத்தது போல் நிற்கும் மிட்செல் புல் தூர் சாகவில்லை, மழை வந்ததும் அடியிலிருந்து துளிர்க்கும், அந்தத் துளிரை மாடு உடனே கடித்தால்தான் தூர் பலவீனப்படும். அந்த நேரத்தில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள். தூருக்குத் தூர் இடைவெளி கூடிக்கொண்டு போகிறதா என்று வருடாவருடம் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து வையுங்கள். இன்னொன்று, அங்கே முள்மரம் ஒன்று பரவியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், நம் கருவேலம்தான் அது. நிழலுக்கும் தீனிக்கும் என்று கொண்டுபோய் வைத்தார்கள், இப்போது புல்லைத் தின்கிற பெரிய களை. மாடு காயைத் தின்று சாணத்தில் விதையைக் கொண்டுபோகும், ஆகவே காய் காலத்தில் அந்தப் பக்கம் மேய்ந்த மாட்டைச் சுத்தமான நிலத்துக்கு நேரே மாற்றாமல் ஒரு வாரம் தனியாக அடைத்து வையுங்கள்.

குழாய்க்கிணற்று நீரின் ஆய்வு அறிக்கை பண்ணையில் இருந்தால் சோடியம், கல்சியம், மக்னீசியம், பைகாபனேற்று அளவுகளையும், குவளைச் சோதனையில் எந்த ஆழத்து மண் கலங்கியது என்பதையும் எழுதி அனுப்புங்கள். மழைநீர் தீர்ந்த மாதங்களில் அந்தத் தண்ணீரைக் கலந்து ஊற்ற முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.